தலமும் கோயிலும் ஒன்றா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலம், கோயில் இரண்டையும் ஏன் பிரித்துப் பேச வேண்டும்?

அன்றாடப் பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் சொல்கிறோம். பெரும்பாலும் அதனால் குழப்பம் வருவதில்லை. ஆனால் இடிந்துபோன கோயிலில் தெய்வம் இன்னும் இருக்கிறதா, ஒரு கோயிலைப் பெயர்த்து வேறிடத்தில் கட்டலாமா, ஐயனார் காட்டில் மரங்களை வெட்டி மண்டபம் எழுப்புவது திருப்பணிதானா என்ற கேள்விகள் எழும்போது, நாம் எதைப் புனிதம் என்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் விடை சொல்ல முடிவதில்லை. இங்கே தலம் என்பது தெய்வம் வெளிப்பட்டதாகவோ நிலைத்து உறைவதாகவோ நம்பப்படும் இடத்தைக் குறிக்கிறது. அது குன்றாகவோ மரத்தடியாகவோ ஆற்றுத்துறையாகவோ இருக்கலாம். கோயில் என்பது அத்தெய்வத்துக்கு மனிதர் எடுத்துக் கொடுத்த வீடு. தலத்தைக் கண்டடைகிறார்கள், கோயிலைக் கட்டுகிறார்கள். பெரும்பாலான ஊர்களில் இரண்டும் ஒரே மதிலுக்குள் இருப்பதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

பழந்தமிழர் வழிபாட்டில் எது முந்தியது?

நமக்குக் கிடைக்கும் இலக்கியச் சான்றுகளின்படி இடமே முந்தியது. முருகன் உறையும் இடங்களைப் பட்டியலிடும் திருமுருகாற்றுப்படை, ‘காடும் காவும் கவின்பெறு துருத்தியும் யாறும் குளனும் வேறுபல் வைப்பும் சதுக்கமும் சந்தியும் புதுப்பூங் கடம்பும் மன்றமும் பொதியிலும் கந்துடை நிலையினும்’ என்று அடுக்குகிறது. காடு, சோலை, ஆற்றிடைத் திட்டு, ஆறு, குளம், நாற்சந்தி, பூத்த கடம்பமரம், ஊர் மன்றம், தூண் நட்ட இடம் என்று விரியும் இந்தப் பட்டியலில் மனிதர் கட்டியது என்று சொல்லத்தக்கது பொதியில் ஒன்றுதான். அதுவும் தெய்வத்துக்கு மட்டும் உரிய வீடன்று. ஊரார் கூடுவதற்கும் வழிப்போக்கர் தங்குவதற்கும் உரிய பொதுவிடம்.

அந்தப் பொதியிலின் உள்ளே பட்டினப்பாலை நம்மை அழைத்துச் செல்கிறது. போரில் சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட மகளிர் நீர்த்துறையில் மூழ்கி எழுந்து, அந்தியில் அணையா விளக்கை ஏற்றுகிறார்கள். மெழுகிய தரையில் மலர் இடுகிறார்கள். புதிதாக ஊருக்கு வந்தவர்கள் அங்கே தங்குகிறார்கள். பலரும் வந்து தொழுகிறார்கள். நடுவில் இருப்பது கந்து, அதாவது ஒரு தூண். பின்னாளைய கோயிலில் நாம் காணும் தூய்மை, விளக்கு, மலர், வழிபடுவோர் கூட்டம் ஆகிய எல்லாம் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாதவை கருவறையும், அதன் வாசலில் நின்று உள்ளே வரக்கூடியவர் யார் என்று தீர்மானிக்கும் முறையுமே.

புறநானூற்றின் 52ஆம் பாடல் இதன் மறுபக்கத்தைச் சொல்கிறது. பகைவர் நாடு பாழ்பட்டது என்பதைக் காட்ட விரும்பும் புலவர், கடவுள் தூணைக் கைவிட்டு நீங்கியதால் பலி நின்றுபோன பொதியிலைக் காட்டுகிறார். அங்கே நரைத்த முதியவர்கள் சூதாடித் தேய்ந்த குழிகளில் இப்போது காட்டுக்கோழி முட்டையிடுகிறது. அகநானூற்றின் 167ஆம் பாடலில் இன்னொரு பாழடைந்த கட்டடம்: செங்கல் சுவர், விழுந்துவிட்ட விட்டம், சுவரில் எழுதப்பட்டிருந்த கடவுள் போய்விட்டதால் பலி மறந்த, மெழுகப்படாத திண்ணை. ஆக, சங்க காலத்திலேயே செங்கல்லும் ஓவியமும் கொண்ட வழிபாட்டிடங்கள் இருந்தன. தெய்வம் அவற்றை விட்டு நீங்கக்கூடும் என்ற எண்ணமும் இருந்தது. குறிப்பிட்ட ஓரிடத்தில் தெய்வம் என்றென்றும் நீங்காமல் உறைகிறது என்ற உறுதியான தலக் கொள்கை இதற்குப் பிறகு, பக்தி இயக்கத்தின் காலத்தில் வலுப்பெற்றது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் இன்று நாம் காணும் கற்கோயில் எப்போது வந்தது?

7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் ஒரு குடைவரையை வெட்டி, செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியன இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் ஆகியோருக்கு இதை அமைத்தேன் என்று பொருள்படும் வடமொழிக் கல்வெட்டைப் பொறித்தான். அவன் பெருமைப்பட்டுக்கொண்ட விதத்திலிருந்தே அதுவரை கோயில்கள் எவற்றால் கட்டப்பட்டன என்பது தெரிகிறது. அதே நூற்றாண்டில் வாழ்ந்த அப்பர், பெருங்கோயில், கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், இளங்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில் என்று கோயில் வகைகளை ஒரே திருத்தாண்டகத்தில் வரிசையாகச் சொல்கிறார். இவற்றுள் ஞாழல், கொகுடி, ஆல் மூன்றும் மரஞ்செடிகொடிகளின் பெயர்கள்.

10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் பல தலங்களில் செங்கற்கோயில்களைக் கற்றளிகளாக, அதாவது கற்கோயில்களாக, மாற்றினார். திருக்கோடிகாவில் பழைய கட்டடத்தைப் பிரித்தபோது அதிலிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். நிலக்கொடை, விளக்குக்கொடை முதலிய பழைய உரிமைகள் கட்டடத்தோடு ஒழிந்துவிடக் கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது. கட்டடம் புதிது, கொடையைப் பெற்ற இறைவனும் இடமும் பழையவை.

பெரிய கோயில் என்றால் பெரிய தலம் என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது. இதற்குத் தஞ்சாவூரே தெளிவான சான்று. 1010இல் முடிவடைந்த இராசராசீசுவரம் அளவிலும் பொறியியலிலும் தமிழகத்தின் தலைசிறந்த கட்டடங்களுள் ஒன்று. ஆனால் தேவார மூவரின் பதிகம் அதற்கில்லை. இருக்கவும் முடியாது, ஏனெனில் அவர்கள் காலத்தில் அக்கோயில் இல்லை. கருவூர்த்தேவரின் திருவிசைப்பா ஒன்றுதான் உண்டு. அதன் சுவரிலுள்ள புகழ்பெற்ற கல்வெட்டில் இராசராசன், ‘நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி’ என்கிறான். எடுப்பித்தவர் இன்னார் என்று சொல்லக்கூடியது கோயில். கங்கைகொண்ட சோழபுரமும் இவ்வகையே.

மாறாக, காவிரிக் கரையில் ஒரு காலப் பூசைக்கே தடுமாறும் எத்தனையோ சிறு கோயில்கள் பாடல் பெற்ற தலங்கள். நாம் பாடல் பெற்ற கோயில்கள் என்று சொல்வதில்லை என்பதையும் கவனிக்கலாம். 276 என்று எண்ணிச் சொல்லப்படும் அந்தத் தலங்களின் பட்டியல் கட்டடத்தின் உயரத்தைக் கணக்கில் கொள்வதேயில்லை. வைணவத்தில் திவ்விய தேசங்கள் 108 என்பர். அவற்றுள் திருப்பாற்கடலும் பரமபதமும் இவ்வுலகில் இல்லை. தலம் என்ற கருத்து கட்டடத்தை விட்டு மட்டுமல்ல, நிலத்தை விட்டும் எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கோயிலை இடித்துவிட்டால் தலம் என்ன ஆகிறது?

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருக்கோணேசுவரத்தின் வரலாறு இதற்கு விடை தருகிறது. ‘குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே’ என்று சம்பந்தர் பாடிய மலைக்கோயில் அது. 1620களில் போர்த்துக்கேயர் அதை இடித்து, அதன் கற்களைக் கொண்டே திருகோணமலையில் கோட்டை கட்டினார்கள். இணைக்கயல் சின்னமும் தமிழ் எழுத்துகளும் பொறித்த கல்லொன்று இன்றும் அக்கோட்டை வாயிலில் இருக்கிறது.

கட்டடம் போன பிறகு அங்கே என்ன நடந்தது என்பதுதான் இங்கே முக்கியம். மதிலும் விமானமும் இல்லாத பாறையின் விளிம்பில் நின்று, கீழே மோதும் கடலை நோக்கித் தீபம் காட்டி, பூவும் பழமும் கடலில் இட்டு மக்கள் வழிபட்டதை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன. அதாவது கோயில் இல்லாமலேயே வழிபாடு தொடர்ந்தது. 1950இல் அவ்வூரில் மண்ணைத் தோண்டியபோது பழைய செப்புத் திருமேனிகள் கிடைத்தன. 1956இல் அறிபுனை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலடியில் கோயிலின் இடிபாடுகளைக் கண்டார்கள். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இப்போதுள்ள கட்டடம் சிறியது, புதியது. ஆயினும் அதைச் சம்பந்தர் பாடிய தலம் என்று சொல்வதில் யாருக்கும் தயக்கமில்லை.

மன்னாரில் திருக்கேதீசுவரமும் அவ்வாறே போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டுக் காடாகிக் கிடந்தது. 1872இல் ஆறுமுக நாவலர் அதை மீட்டெடுக்கும்படி சைவர்களுக்கு விண்ணப்பம் எழுதினார். பல தலைமுறைகளாகக் கண்ணால் காணாத ஒரு கோயிலுக்காக அவரால் மக்களைத் திரட்ட முடிந்ததற்கு, தேவாரப் பதிகங்கள் அந்த இடத்தின் பெயரை ஓதுவார் நாவிலும் சைவர் நினைவிலும் வைத்திருந்ததே காரணம்.

மயிலாப்பூரின் கதை சற்று வேறு. பழைய கபாலீசுவரம் கடற்கரையில் இருந்து அழிந்தது என்றும், இப்போதைய கோயில் அதற்குப் பின் சற்று உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது என்றும் கருதப்படுகிறது. இங்கே கோயில் நகர்ந்திருக்கிறது. ஆனால் ஊர் எல்லைக்குள் நகர்ந்ததால் தலம் நகர்ந்ததாக யாரும் எண்ணுவதில்லை. தலத்தின் எல்லை என்பது கல் நட்டு அளந்த எல்லையன்று என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

மூலவரையே இடம் மாற்ற ஆகமம் இடம் தருகிறதா?

கோயில் அமைப்புக்கும் வழிபாட்டுக்குமான விதிநூலாகிய ஆகமம் இடம் தருகிறது, அதற்கென்றே முறைகளும் உண்டு. திருப்பணி தொடங்கும்போது மூலவரின் சக்தியைக் கும்பத்து நீரில் ஆவாகனம் செய்து, அத்திப் பலகையில் எழுதிய உருவத்துக்கோ வேறொரு திருமேனிக்கோ மாற்றி, பாலாலயம் என்னும் தற்காலிக இடத்தில் வைத்துப் பூசிப்பார்கள். அந்த நாள்களில் கருவறைக்குள் கொத்தனார் நுழையலாம், சாரம் கட்டலாம், திருமேனியைப் பீடத்தோடு ஒட்டவைக்கும் மருந்து கரைந்திருந்தால் சரிசெய்யலாம். வேலை முடிந்ததும் கும்பத்திலிருந்து சக்தி திரும்ப மூலவரிடம் சேர்க்கப்படுகிறது. நாம் கும்பாபிடேகம் என்று சொல்வதன் உட்பொருள் இதுதான். புதிதாக நிறுவுவது, வெள்ளத்தால் சிதைந்ததை மீட்பது, பழுது பார்த்துப் புதுப்பிப்பது, களவு முதலியவற்றால் தீட்டுப்பட்டதைத் தூய்மை செய்வது எனக் குடமுழுக்கையே நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள்.

கோயில் பழுதாகும், தீட்டுப்படும், மாறும் என்பதை ஆகமம் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறது என்பது வியப்பளிக்கிறது. ஆனால் தானாகத் தோன்றியதாகச் சொல்லப்படும் சுயம்பு இலிங்கத்தைப் பெயர்ப்பதில்லை. உடைந்தாலும் வெட்டுப்பட்டாலும் அதை அப்படியே வைத்துத்தான் பூசிக்கிறார்கள். சிற்பி செய்த திருமேனி பின்னப்பட்டால் அகற்றி வேறொன்று வைக்கலாம் என்ற விதி சுயம்புவுக்குப் பொருந்தாது. முன்னது கோயிலைச் சேர்ந்தது. பின்னது தலத்தைச் சேர்ந்தது.

கருவறைதானே மிகப் புனிதமான இடம்? அதுவும் தலமும் ஒன்றில்லையா?

கோயிலுக்குள் புனிதம் படிப்படியாக அடர்கிறது. கோபுரம், பலிபீடம், கொடிமரம், மகாமண்டபம், அர்த்தமண்டபம் எனக் கடந்து, சாளரம் இல்லாத, எண்ணெய் விளக்கு மட்டுமே எரியும் சிறிய அறையில் அது முடிகிறது. ஒவ்வோர் எல்லையிலும் யார் எவ்வளவு தூரம் வரலாம் என்ற கேள்வி எழுகிறது. தலம் இதற்கு மாறாக வெளிநோக்கி விரிகிறது. தீர்த்தம், தலமரம், ஊர், ஆற்றுத்துறை என எல்லாம் அதற்குள் அடங்கும். அங்கே பிறந்தால் முத்தி, நினைத்தால் முத்தி என்றெல்லாம் சொல்லும் மரபு கருவறையைப் பற்றியதன்று, ஊரைப் பற்றியது.

இந்த வேறுபாடு வெறும் தத்துவமாக நின்றுவிடவில்லை. 1939ஆம் ஆண்டு சூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், கோயில் நுழைவு மறுக்கப்பட்டிருந்த சாதியினர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார்கள். அவர்களுள் கக்கனும் ஒருவர். அதற்கு முன்னும் அவர்கள் மதுரையில்தான் வாழ்ந்தார்கள், திருவிழாக் காலத்தில் வீதியில் வந்த அம்மனைத் தொழுதார்கள். தலம் அவர்களை விலக்கவில்லை; மதில்தான் விலக்கியது. நுழைவை ஏற்காத அர்ச்சகர்களில் ஒரு பகுதியினர் பூசை செய்ய மறுத்து வெளியேறினர். அதன் பின் விவாதம் கருவறை வாசலுக்கு நகர்ந்தது: பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கிய 1971ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், அதை எதிர்த்த சேசம்மாள் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2021 ஆகஸ்டில் பல்வேறு சாதிகளைச் சேர்ந்த பயிற்சி பெற்ற அர்ச்சகர்களின் நியமனம் என அது நீண்டது. இவை எல்லாமே கோயில் என்ற நிறுவனத்தைப் பற்றிய வழக்குகள். ஒரு மலையைச் சுற்றி வருவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று எவரும் வழக்காடியதாகத் தெரியவில்லை.

மலை, மரம் ஆகியவற்றையே இறைவனாகக் கொள்ளும் இடங்களில் கோயில் எதற்கு?

திருவண்ணாமலையில் மலையே இலிங்கம். கார்த்திகைத் தீபம் ஏற்றப்படுவது மலையுச்சியில். பௌர்ணமிதோறும் மக்கள் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடந்து வலம் வருவது மலையை. கிருட்டிணதேவராயர் தொடங்கிய 217 அடி இராசகோபுரம் எவ்வளவு உயர்ந்தாலும் அதன் பின்னணியில் நிற்கும் மலைக்கு முன் அது ஓர் அடிக்குறிப்பு. ஆயினும் மலைக்கு அபிடேகம் செய்ய முடியாது, அமுது படைக்க முடியாது, இரவில் பள்ளியறைக்கு அழைத்துச் செல்ல முடியாது. நாள்தோறும் தெய்வத்தை உபசரிக்கக் கோயில் தேவைப்படுகிறது.

குற்றாலத்தில் சம்பந்தர் இரண்டு பதிகங்கள் பாடினார். ஒன்று திருக்குற்றாலத்துக்கு, மற்றொன்று அங்குள்ள குறும்பலாவுக்கு. மரத்துக்குத் தனிப் பதிகம்! ஆனைக்கா, கோலக்கா, நெல்லிக்கா, கோடிக்கா, குரக்குக்கா என ‘கா’ என்று முடியும் ஐந்து தலங்களும், ஆலங்காடு, மறைக்காடு போன்றவையும் கோயில் எழுமுன் அங்கே என்ன இருந்தது என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கின்றன. திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடி இலிங்கத்தின் மேல் சருகு விழாதபடி சிலந்தி வலை பின்னியது என்ற புராணத்தை எல்லாரும் அறிவோம். அச்சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்து ஈசனுக்கு மாடக்கோயில்கள் எடுத்தது என்று அக்கதை தொடர்கிறது. தலத்தின் மேல் கோயில் எழுந்த முறையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன கதை வேறில்லை.

தில்லை மரங்களைத் தேடிச் சிதம்பரம் நகருக்குள் அலைவதில் பயனில்லை. அவற்றைக் காணப் பிச்சாவரத்தின் உப்பங்கழிக்குப் போக வேண்டும்.

ஐயனார் கோயில், வீரன் கோயில் என்பவை கோயிலா, தலமா?

ஊர்ப்புறத்தில் கோயில் என்ற பேரால் வழங்கினாலும், அவற்றுள் பல இந்தப் பக்கத்தின் பொருளில் தலங்களே. விமானம் இல்லை, கருவறை இல்லை. சில இடங்களில் ஒரு நடுகல், ஒரு சூலம், வேளார் சுட்டுத் தந்த மண்குதிரைகளின் வரிசை, இவற்றைச் சுற்றிக் கோயில்காடு. அந்தக் காட்டில் பச்சை மரம் வெட்டக் கூடாது. சில ஊர்களில் காய்ந்த சுள்ளியைக் கூட வீட்டு அடுப்புக்கு எடுத்துச் செல்லக் கூடாது. பொங்கல் வைத்தால் அங்கேயே எரித்து அங்கேயே உண்டுவிட்டு வர வேண்டும். செருப்பைக் கழற்றும் இடம் காட்டின் விளிம்பு, கட்டடத்தின் வாசலன்று. புனிதத்தின் எல்லை எங்கே தொடங்குகிறது என்று அறிய மக்கள் எங்கே செருப்பைக் கழற்றுகிறார்கள் என்று பார்ப்பதே நேர்வழி.

இந்தக் கட்டுப்பாட்டால் பிழைத்தவை பல. மரக்காணத்தை அடுத்த புத்துப்பட்டு ஐயனார் காடு, கோரமண்டலக் கரையில் அருகிவரும் உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சங்களுள் ஒன்று. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2025இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் ஏறத்தாழ 5 ஹெக்டேர் பரப்புள்ள வீரகோயில் காடு இரண்டாவதாகச் சேர்ந்தது.

மறுபுறம், வெளியூரில் வேலை பார்ப்போர் நன்கொடை அனுப்ப, பல ஊர்களில் காட்டின் நடுப்பகுதி திறந்தவெளியாகி, அங்கே வண்ணம் பூசிய சுதைச் சிற்பங்களோடு மண்டபமும், அதைச் சுற்றிச் சிமெண்டுத் தளமும், வாகன நிறுத்தமும் வந்திருக்கின்றன. செய்பவர்கள் பக்தியோடுதான் செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்த ஒரே புனிதம் ஆகமக் கோயிலின் புனிதமாக இருப்பதால், காட்டை வெறும் காலிமனையாகப் பார்க்கிறார்கள். ஐயனாருக்குக் கோயில் கட்டியதாக மகிழும் பலர் உண்மையில் ஐயனாரின் கோயிலை இடித்திருக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

தலத்தை இடம்பெயர்க்கவே முடியாதா? குலதெய்வத்தை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகிறார்களே?

அதற்குத்தான் பிடிமண் எடுக்கும் வழக்கம். பிழைப்புக்காக வேறூர் சென்ற பங்காளிகள் தாய்க்கோயிலுக்கு வந்து, பூசாரி உத்தரவு பெற்று, அங்கிருந்து ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்து கொண்டுபோய்ப் புதிய இடத்தில் வைத்துப் பீடம் எழுப்புவார்கள். சிலையின் நகலையோ கட்டடத்தின் வரைபடத்தையோ கொண்டுபோவதில்லை, மண்ணையே கொண்டுபோகிறார்கள். புதிய இடத்தில் வழிபாடு நன்றாக வேரூன்றிய பிறகும் முதல் பத்திரிகையைத் தாய்க்கோயிலில் வைப்பது, காதுகுத்துக்கு அங்கே போவது ஆகியன தொடர்வதைக் காணலாம்.

கிறித்தவத்திலும் இசுலாத்திலும் இப்பிரிவு உண்டா?

தமிழ்க் கத்தோலிக்கர் இதைச் சொல்லளவிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் செல்லும் பங்கு ஆலயம் வேறு. நேர்ந்துகொண்டு செல்லும் திருத்தலம் வேறு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1230ஆம் விதி, இறைமக்கள் சிறப்பான பக்தியினால் திருப்பயணமாக வரும், ஆயரின் ஒப்புதல் பெற்ற கோயில் அல்லது புனித இடமே திருத்தலம் என்று வரையறுக்கிறது. வேளாங்கண்ணி ஆலயம் 1962இல் பேராலயம் என்னும் தகுதி பெற்றது. ஆனால் பயணிகள் அதோடு திரும்பிவிடுவதில்லை. பால்கார சிறுவனுக்கு மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படும் மாதா குளத்துக்கும், மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனுக்குக் காட்சி தந்ததாகச் சொல்லப்படும் நடுத்திட்டுக்கும் போகிறார்கள்.

இசுலாத்தில் பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டது என்று நபிமொழி உண்டு. பள்ளிவாசல் தொழுகைக்காகக் கூடும் இடம். அதன் திசை முக்கியமே தவிர, அது நிற்கும் மண்ணுக்கென்று தனிக்கதை தேவையில்லை. நாகூர் தர்கா போன்றவை அடக்கத்தலத்தோடு பிணைந்தவை. அவற்றைப் பெயர்க்க முடியாது. தர்கா வழிபாட்டை ஏற்காத முசுலிம்களும் உண்டு. அவர்களது மறுப்பு பெரும்பாலும் இந்த இடப்பிணைப்பைப் பற்றியதே.

பண்டைக் கிரேக்கத்திலும் எருசலேமிலும் எப்படி இருந்தது?

கிரேக்கரிடம் பிரிவு மிகத் தெளிவாக இருந்தது. எல்லை குறித்துத் தெய்வத்துக்கென ஒதுக்கிய நிலமும் அதிலுள்ள பலிபீடமும் இன்றியமையாதவை. தெய்வச்சிலையை வைக்கும் வீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வழிபாடு நடக்கும். பலி வெட்டவெளியில் நிகழ்ந்தது. ஒலிம்பியாவில் கிரேக்கரின் தலைமைக் கடவுளான சியூசின் பெருங்கோயில் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் எழுந்தது. மரபுப்படி அங்கு நடந்த ஒலிம்பிக் விளையாட்டுகளோ கி.மு. 776இலேயே தொடங்கிவிட்டன. அங்கிருந்த பலிபீடம் கல்லால் ஆனதன்று. பலியிட்ட விலங்குகளின் சாம்பல் குவிந்து இறுகி 22 அடி உயரம் எழுந்திருந்தது என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணி ஒருவர் எழுதியிருக்கிறார். தொடோனா என்னும் மற்றொரு கிரேக்கத் தலத்தில் ஒரு கருவாலி மரத்தின் இலை சலசலப்பே சியூசின் வாக்காகக் கொள்ளப்பட்டது.

எருசலேமில் நேர்மாறு. ஒரே இறைவனுக்கு ஒரே ஆலயம். பலி அங்கே மட்டும். அதன் உள்ளறைக்குள் தலைமைக் குரு ஆண்டுக்கு ஒரே நாள், பாவப்பரிகார நாளன்று, நுழைவார். கி.மு. 63இல் உரோமைத் தளபதி பொம்பேயி அத்துமீறி உள்ளே நுழைந்தபோது அங்கே சிலை எதுவும் இல்லாததைக் கண்டார். கி.பி. 70இல் உரோமையர் ஆலயத்தை அழித்ததோடு பலி வழிபாடு நின்றது. யூதர்கள் தொழுகைக்கூடங்களில் இறைவேண்டலையும் மறைநூல் ஓதலையும் தொடர்ந்தார்கள். ஆனால் எவ்வூரில் இருந்தாலும் எருசலேமை நோக்கியே தொழுதார்கள். ஆலயம் இல்லை, திசை இருக்கிறது.

புனித இடத்தில் அடைக்கலம் புகுந்தவரைப் பிடிக்கக் கூடாது என்ற வழக்கம் தலத்துக்கா, கோயிலுக்கா?

கிரேக்கரிடம் அது எல்லைக்கு உரியது. இசுபார்ட்டாவின் தளபதி பவுசானியசு துரோகக் குற்றத்துக்கு அஞ்சி அதீனா என்னும் பெண்தெய்வத்தின் புனித எல்லைக்குள் இருந்த சிறு கட்டடத்தில் புகுந்தான். அவனை இழுத்து வரத் துணியாத அதிகாரிகள் கூரையைப் பிரித்து, வாயிலைச் சுவரெழுப்பி அடைத்து, பட்டினி போட்டார்கள். உயிர் போகும் தறுவாயில் வெளியே தூக்கி வந்தார்கள். உள்ளே சாவு நேர்ந்தால் இடம் தீட்டாகிவிடும். சட்டத்தின் எழுத்தை இவ்வளவு கவனமாகக் காத்தவர்கள் குறைவு.

தமிழகத்தில், பிற்காலச் சோழர் காலத்திலும் அதை ஒட்டியும், வட மாவட்டங்களில் ‘அஞ்சினான் புகலிடம்’ என்று குறிக்கும் கல்வெட்டுகள் கிடைக்கின்றன. அஞ்சி வந்தவருக்கு அடைக்கலம் தரும் ஊராக ஒரு நிலப்பகுதியை அறிவிப்பவை அவை. இங்கும் புகலிடமாவது ஓர் அறை அன்று, ஊர்.

எங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி நடக்கப்போகிறது. எவற்றைக் கவனிக்க வேண்டும்?

முதலில், அந்த இடத்தில் கட்டடத்துக்கு முன்பே இருந்தவை எவை என்று முதியவர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்: தலமரம், புற்று, ஊற்று, குளம், நடுகல், பலி போடும் திட்டு. வரைபடத்தில் இவற்றுக்கு உரிய இடம் ஒதுக்கிய பிறகே மண்டபத்துக்கு இடம் பார்க்க வேண்டும். மரத்தைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் இட்டால் வேர் மூச்சுவிடாது. மண் திண்ணையே போதும். குளத்துக்கு நீர் வரும் வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்த்துத் திறந்துவிடுவது, குளத்தின் நான்கு கரைக்கும் கம்பிவேலி போடுவதைவிடச் செலவு குறைந்த வேலை.

சுவரில் எழுத்து இருந்தால், கை வைக்கும் முன் படியெடுக்கச் செய்யுங்கள். மணலை வீசி அடித்துச் சுவரைத் தூய்மை செய்யும் முறையை எக்காரணம் கொண்டும் அனுமதிக்க வேண்டாம். கல்லின் மேற்பரப்போடு எழுத்தும் போய்விடும். பழைய தூணைப் பிரிக்க நேர்ந்தால் ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டு அடுக்கி வையுங்கள். ஐயனார், வீரன், காளி போன்ற காட்டுத் தெய்வமாக இருந்தால், விமானமே வேண்டுமா என்று ஊர்க்கூட்டத்தில் ஒருமுறை கேட்டுவிட்டு மேலே செல்லுங்கள். வேண்டாம் என்று பூசாரியே சொல்லும் ஊர்களும் இருக்கின்றன.